எள்ளும் தண்ணீரும்

அப்பாவின் ஆட்டைத் திவசம் முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசை அது. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்தில் அப்பாவுக்குத் தீர்த்தமாட வேண்டும். முதல் நாளே புளியந்தீவில் அக்கா வீட்டில் போய்த் தங்கிவிட்டால் விடியக்காலையில் அமிர்தகழிக்குப் போவது சுகம் என்று பின்னேரமே வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன். அப்பா ஒருநாளும் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிடாமல் வாவியைக் கடந்ததில்லை. நானும் கொக்கட்டிச்சோலையில் இறங்கினேன்.

கொக்கட்டி மரத்தடியில் தானாகத் தோன்றிய லிங்கம். பறங்கியர் காலத்தில் கல் நந்தி எழும்பிப் புல்லுத் தின்ற கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பேச்சுப் பழகும்போதே கேட்டுவிடுவார்கள். அன்றைக்குச் சனம் குறைவு. நந்தியைத் தொட்டுக் கும்பிட்டுச் சந்நிதியில் நின்றபோது, 'அப்பாவுக்கு முத்தியைக் கொடு' என்று கேட்கத்தான் வாய் வந்தது. சட்டென்று ஒரு தயக்கம். அப்படிக் கேட்டு வாங்கிக் கொடுக்கக்கூடிய பொருளா அது?

வெளியே வந்தால் தெருவோரம் முழுக்க நெல் காயுது. சிறுபோக வெள்ளாமை வெட்டிய நேரம். குனிந்து நாலு மணி எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். உமி கழன்றது. அரிசியில் ஒரு ஓரம் மட்டும் மங்கலான சிவப்பாகத் தவிடு ஒட்டிக்கொண்டிருந்தது. வட்டையில், வயல்வெளியில், காவலுக்குப் படுக்கும் இரவுகளில் அப்பா இதைத்தான் வைத்துச் சொல்லித் தருவார். நெல்லுக்கு உமி எப்போது வந்தது? நெல் வந்த அன்றே வந்தது. உயிரோடு ஆணவ மலமும், உயிரை மறைக்கிற அந்த அழுக்கும், அப்படித்தான், தொடக்கம் இல்லாதது. உமியோடு இருக்கிற நெல் திரும்பத் திரும்ப முளைக்கும், அது பிறவி. உமி நீங்கிய அரிசி முளைக்காது. சித்தாந்த நூல்களில் வருகிற உவமைதான். ஆனால் நெல்லுக்குள் பிறந்து நெல்லுக்குள் செத்த ஒரு மனிதன் வாயிலிருந்து கேட்டால் அதற்கு வேறு கனம்.

எங்கள் சமயத்தில் முத்தி என்பது செத்தவுடன் போய்ச் சேரும் ஊர் அல்ல. எத்தனையோ பிறவி எடுத்து, நல்வினை தீவினை இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் பக்குவம் வந்து, மலம் பழுத்து, அதன் பிறகு அருள் பதிய வேண்டும். அதற்குப் பிறகும் உயிர் காணாமல் போவதில்லை. உமாபதி சிவாசாரியார் 'தாடலை' என்று ஒரு சொல்லைக் காட்டுவார். தாள், தலை என்ற இரண்டு சொல் சேர்ந்தது அது. சேர்ந்த பிறகு ஒன்று என்றும் சொல்ல முடியாது, இரண்டு என்றும் சொல்ல முடியாது. இறைவனுடைய தாளில் உயிரின் தலை அப்படிக் கிடக்கும். இதைவிட அழகாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மண்முனைப் பாலத்தைத் தாண்டினேன். 2014ல் பாலம் திறக்கும் வரைக்கும் அந்த இடத்தில் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் இக்கரைக்கு வருவோம்.

காத்தான்குடியில் அப்பாவிடம் வருடக்கணக்காக நெல் எடுத்த முஸ்லிம் நானா ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்க்காமல் போனால் கோபிப்பார். தேத்தண்ணி வந்தது. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"மனிசன் மௌத்தானா அவன்ட அமல் எல்லாம் நின்டுரும் மகன், மூனைத் தவிர. அவன் குடுத்துட்டுப் போன நிலையான தர்மம், பிரயோசனமான இல்மு, அவனுக்காகத் துஆக் கேக்கிற ஸாலிஹான பிள்ளை. நபி சொன்னது." மௌத்து என்றால் மரணம், அமல் செயல், இல்மு அறிவு, துஆ பிரார்த்தனை, ஸாலிஹான என்றால் நல்லொழுக்கமான.

அப்புறம், "உங்கட அப்பா வட்டைக்குப் போற வழியில கிணறு வெட்டினாரே, அதில நானும் குடிச்சிருக்கன்" என்றார். எங்களுடைய கணக்கை உங்களுக்குப் போட்டுச் சொல்ல நான் ஆளில்லை, அது அல்லாஹ் அறிந்தது என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அமலைப் பற்றி அவ்வளவு சொன்னவர், கடைசியில் யாருமே தன் அமலால் மட்டும் சுவர்க்கம் போக முடியாது, நபியும்கூட அல்லாஹ்வின் ரஹ்மத்தால், கருணையால்தான் என்ற ஹதீஸையும் சொல்லித்தான் என்னை அனுப்பினார்.

அக்கா கட்டினது மெதடிஸ்த குடும்பத்தில், புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்கள். மட்டக்களப்பு மெதடிஸ்த சபைக்கு 1814ல் மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கியதிலிருந்து வருகிற வரலாறு. மச்சானின் ஆட்கள் பல தலைமுறையாக அதில் இருக்கிறார்கள். ஆனால் மச்சானின் தாய் கத்தோலிக்கர். ஆக அன்றிரவு அந்த வீட்டு விறாந்தையில் நாலு பேர் இருந்தோம், மூன்று விதமான நம்பிக்கை.

மாமிக்கு நான் செய்யப்போவது உடனே விளங்கியது. நவம்பர் 2ல் சேமக்காலைக்கு, கல்லறைகளுக்கு, போய் மெழுகுதிரி கொளுத்துவார்கள், இறந்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். செத்த பிறகு பாவக்கறை நீங்கச் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆத்துமாவுக்கு இங்கே இருக்கிறவர்களின் செபம் உதவும் என்பது அவர்களின் விசுவாசம். மச்சானுக்கு அது இல்லை. ஒரே வேதத்தைப் படிக்கிற தாயும் மகனும் இதில் இரண்டு பக்கம். எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிற நான் மாமியின் பக்கம்.

"செத்தவருக்காக நான் ஜெபிக்கிறதில்ல, மச்சான். அவர் ஆண்டவர்ட கையில. நான் இழுத்து எடுக்க ஒன்டுமில்ல" என்றார் மச்சான். "என்ட இரட்சிப்பே நான் உழைச்சு எடுத்ததில்ல. தந்தது."

பவுல் எபேசியருக்கு எழுதியதைச் சொன்னார். கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, அது தேவனுடைய ஈவு. இதே விஷயத்தில் பிரிந்து சண்டை பிடித்த கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999ல் ஜேர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் நீதிமானாக்கப்படுதலை, தேவன் பாவியை நீதிமானாக ஏற்பதைப் பற்றி ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டதையும், 2006ல் மெதடிஸ்தரும் அதில் சேர்ந்ததையும் சொன்னார். நானூற்றைம்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

'எல்லாம் ஒன்றுதான்' என்று சொல்லி முடிக்கிற பேச்சு எனக்கு மனதுக்கு ஒப்பாது. மச்சானுக்கும் நானாவுக்கும் இந்தப் பிறவி ஒன்றுதான். எனக்கு அப்படி இல்லை. மச்சான் மீட்கப்பட்டேன் என்று இன்றைக்கே சொல்வார், நானா மறுமையில்தான் தெரியும் என்பார், அப்பா இன்னும் எத்தனை பிறவியோ என்று சிரிப்பார். மூன்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டினால் மூன்று பேரையுமே நாங்கள் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆனாலும் இந்த மூன்று பேரில் ஒருவர்கூட 'இது என் கெட்டித்தனத்தால் கிடைக்கும்' என்று சொல்லவில்லை. அதை நினைத்துக்கொண்டு படுத்தேன்.

விடிய நாலரைக்கே மாமாங்கக் குளத்தடியில் சனம். அநுமன் இலங்கையை எரித்த வாலை நனைத்த குளம் என்று ஊரில் சொல்வார்கள். படிக்கட்டு நெடுக ஐயர்மார், முன்னால் வாழையிலை, அரிசி, மரக்கறி, எள்ளு. தர்ப்பையை மோதிர விரலில் மாட்டிக்கொண்டு இருந்தேன். மூன்று தலைமுறைப் பேர் கேட்டார் ஐயர். அப்பாவின் பேரைச் சொன்னேன், பாட்டன் பேரைச் சொன்னேன். பூட்டன் பேர் வரவில்லை. தொண்டைக்குள் நிற்கிறது, வாய்க்கு வரவில்லை. எனக்குப் பின்னால் ஒரு குரல் மெல்ல அந்தப் பேரைச் சொன்னது. அக்கா. கோயிலுக்கு வருவதை விட்டு எத்தனையோ வருடமாகிறது அவளுக்கு. ஐயர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அந்தப் பேரைச் சொல்லி மந்திரத்தைத் தொடர்ந்தார். எள்ளை விரலிடுக்கால் தண்ணீரோடு வழியவிட்டேன். இரண்டு மூன்று எள்ளு கையிலேயே ஒட்டிக்கொண்டது. குளத்தில் முங்கி எழும்பியபோதுதான் போனது. மச்சான் என்னுடைய சேர்ட்டையும் செருப்பையும் போனையும் பிடித்துக்கொண்டு மேல்படியில் நின்றார்.

சுவாமி தீர்த்தமாடக் கண்டு, அரோகராச் சத்தத்துக்குள் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப ஒரு மணி தாண்டிவிட்டது. சந்நிதியில் கேட்கத் தயங்கியதை அந்தக் கூட்டத்துக்குள் வேறு விதமாகக் கேட்டேன். அப்பா எங்கே இருந்தாலும் உன்னுடைய தாளுக்குக் கிட்ட இருக்கட்டும் என்று.

அக்கா சமைத்தாள். கத்தரிக்காய், பூசணி, பருப்பு, பயற்றங்காய். சந்தையில் தேடி வாங்கின காத்தோட்டிக்காயும் பொரித்து வைத்தாள். முதல் படையலை இலைத் துண்டில் எடுத்து மதில்மேல் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டோம். வரவில்லை. அன்றைக்கு ஊரெல்லாம் மதிலுக்கு மதில் சோறு, காகத்துக்கு என்ன அவசரம். மாமியை இருந்து சாப்பிடச் சொன்னோம், அவர் கேட்கவில்லை. மச்சானிடம் அக்கா, "நீங்க சாப்பிடுங்க, பசியோட நிக்க வேணாம்" என்றாள்.

"மாமா சாப்பிடட்டும்" என்றார் மச்சான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாமரத்தைப் பார்த்தபடி நின்றார்.