பூட்ஸுக்குக் குமிழ் வைக்கிறேன்

ஜூன் 7, சனி

கறுப்புக் கணுக்கால் பூட்ஸ் இரண்டையும் துடைத்து மேசைமேல் வைத்தாகிவிட்டது. அடிப்பாகம் தேயவில்லை, தையல் எங்கும் பிரியவில்லை. பார்க்கத்தான் சப்பென்று இருக்கிறது. மேல் விளிம்பை ஒட்டி இரண்டு வரிசை உலோகக் குமிழ்கள் வைக்கலாம் என்று எண்ணம். கணுக்காலைச் சுற்றி வரும் வாரைக் கழற்ற முடியும் என்பதால் அதற்குத் தனித் திட்டம்.

அக்கா மகளுக்கு இது போதவில்லை. "சித்தி, முன்பக்கம் முழுக்க முள் வையுங்கள். விளிம்பில் மட்டும் வைத்தால் யார் பார்ப்பார்கள்?" என்றாள். கையைப் பிடித்து பூட்ஸுக்குள் விடச் சொன்னேன். அவளுடைய மெல்லிய விரல்களே பாதி தூரம்தான் போயின. குமிழின் தலை வெளியே இருந்தாலும், அதன் கால்களை மடக்குவது உள்ளேதான். விரலும் குறடும் எட்டாத இடத்தில் எதையும் நம்பிக் குத்த முடியாது. போதாக்குறைக்கு, கால்விரல் நுனிப் பக்கம் தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு விறைப்பான அடுக்கு இருக்கும். பூட்ஸின் மூக்கு சப்பையாகாமல் நிற்பது அதனால்தான். குதிகாலைச் சுற்றியும் அப்படியே.

அந்த விறைப்பு முடிகிற இடத்திலிருந்து நடக்கும்போது தோல் மடிகிறது. பழைய பூட்ஸில் ரேகைகளே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே குமிழ் வைத்தால் ஒவ்வோர் அடிக்கும் அதன் கால்கள் ஆடி ஆடித் துளையைப் பெரிதாக்கும். இரு பூட்ஸும் ஒன்றையொன்று பார்க்கும் உள்பக்கத்தில் முள் வேண்டாம். நடையில் ஒரு பூட்ஸ் இன்னொன்றை உரசும், முள் இருந்தால் எதிர்ப்பக்கத் தோலைக் கீறிவிடும். இதையெல்லாம் கழித்த பிறகு எனக்கு மிஞ்சியது மேல் விளிம்பு, வெளிப்பக்கம், பின்பக்கத்தின் மேல்பாதி, வார். தாராளம்.

ஜூன் 8, ஞாயிறு

குமிழ்களைப் பற்றி. பின்னால் இரண்டு அல்லது நான்கு கால்கள் உள்ளவை ஒரு வகை. தோலில் குத்தி, உள்ளே மடக்குவது. திருகாணி வைத்தவை இன்னொரு வகை. பெரும்பாலும் கூர்முள்களும் கூம்புகளும் இதில்தான் வரும். மூன்றாவது ரிவெட்: ஒரு பக்கம் தண்டு, மறுபக்கம் மூடி, நடுவில் தோல், மேலே சுத்தியல் அடி. அடி தாங்க அடியில் கெட்டியான உலோகத் தளம் வேண்டும் என்பதால் தைத்து முடித்த பூட்ஸுக்குள் ரிவெட் அடிப்பது பெரும்பாடு. ஒட்டுவதற்கென்றே விற்கும் தட்டை அடிக் குமிழ்களும் உண்டு. நான் அவற்றை வாங்குவதில்லை. தோல் வளையும், உலோகம் வளையாது. நடுவில் மாட்டிக்கொண்ட பசை எத்தனை நாள் தாங்கும்?

விளிம்புக்கு 8 மி.மீ. அரைவட்டக் குமிழ், நான்கு கால். வாருக்குச் சிறு கூம்புகள், திருகு வகை. இரண்டும் பூச்சில்லாத பித்தளை. பித்தளையை எடுத்ததற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. அக்கா மகளுக்கு மலிவுக் கம்மல் போட்டால் காது மடல் சிவந்து அரிக்கும்; அது நிக்கல் ஒவ்வாமை. இந்த பூட்ஸை அவள் இரவல் கேட்கப்போவது உறுதி. வெள்ளியாக மினுக்கும் மலிவுக் குமிழ்களில் பல நிக்கல் முலாம் பூசியவை. ஐரோப்பிய ஒன்றியம் 1994-இலேயே நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தோலோடு நெடுநேரம் உறவாடும் பொருளிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர செ.மீ. பரப்பில் 0.5 மைக்ரோகிராமுக்குமேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்பது வரம்பு. உடையில் உள்ள ரிவெட்டும் ஜிப்பும்கூட அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

பித்தளைக்கும் குறை உண்டு. தோலில் ஊறியிருக்கும் கொழுப்பும் எண்ணெயும் அதிலுள்ள செம்போடு வினைபுரிந்து, குமிழின் ஓரத்தில் மெழுகு பதத்தில் பச்சைக் களிம்பு கட்டும். துடைத்தால் போய்விடும், மறுபடியும் வரும். இரும்பு இன்னும் மோசம். தாவரச் சாற்றில் பதனிட்ட தோலில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. ஈரம் பட்டதும் இரும்பும் டானினும் சேர்ந்து கருநீலக் கறையாகிவிடும், அதைத் துடைக்கவே முடியாது. பூட்ஸின் மேல்தோல் பெரும்பாலும் குரோமில் பதனிட்டதுதான். ஆனால் உள்ளே வைத்துத் தைத்த தோல் எதில் பதனிட்டது என்று யார் கண்டது?

ஜூன் 11, புதன்

இன்று காகித வேலை மட்டும்.

மேல் விளிம்பைச் சுற்றி, ஜிப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை 24 செ.மீ. குமிழ்களுக்கு நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்கு 15 மி.மீ. என்று வைத்தால், இரு ஓரத்திலும் கொஞ்சம் விட்டு, முதல் வரிசைக்கு 15 குமிழ்கள். இரண்டாம் வரிசை முதல் வரிசையின் இடைவெளிகளுக்குக் கீழே உட்காரும், 14. வரிசைகளுக்கு நடுவே 13 மி.மீ. விட்டால் அடுத்தடுத்த எந்த மூன்று குமிழும் சமபக்க முக்கோணமாகத் தெரியும். ஆக ஒரு பூட்ஸுக்கு 29, ஜோடிக்கு 58. உதிரியாகப் பத்து.

நேரான காகிதப் பட்டையைப் பூட்ஸில் சுற்றினால் ஒரு முனை மேலேறிக்கொண்டது. பூட்ஸின் கழுத்து உருளை அல்ல, கூம்பின் ஒரு துண்டு. மேலே அகலம், கணுக்கால் பக்கம் ஒடுக்கம். கூம்பை வெட்டி விரித்தால் வில் வடிவம்தான் கிடைக்கும். அதனால் காகித டேப்பைச் சிறு துண்டுகளாக பூட்ஸின் மேலேயே ஒட்டி, விளிம்பைப் பேனாவால் வரைந்து, மொத்தமாக உரித்து அட்டையில் ஒட்டி வெட்டினேன். வில்லேதான். சதுரப் பிரமிடு குமிழ்களை நெருக்கி வைக்கிறவர்கள் இந்த வளைவில்தான் திண்டாடுகிறார்கள். மேல்முனைகள் விலகி, கீழ்முனைகள் இடித்துக்கொள்ளும். வட்டத்துக்கு முனை கிடையாது, வளைவைக் காட்டிக்கொடுக்காது.

அட்டையைத் திருப்பிப் போட்டால் வலது பூட்ஸுக்கு ஆகும். திருப்ப மறக்கக் கூடாது என்று அதன் இரு பக்கமும் "இடது", "வலது" என்று எழுதிவைத்தேன்.

ஜூன் 14, சனி

காலையில் முதல் வேலையாக விளிம்புத் தையலைப் பிரித்தேன். இதைச் செய்யாமல் லைனிங்கையும் சேர்த்தே குத்திவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். மடக்கிய கால்கள் அப்போது காலுறையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தையலைப் பிரித்தால் தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு பை திறக்கிறது, எல்லாக் கூர்மையும் அதற்குள் அடங்கிவிடும். பிளேடு நுனியால் மூன்று தையலுக்கு ஒன்று வெட்டி, நூலை இழுத்தால் வந்துவிடுகிறது. தோலை வெட்டாமல் நூலை மட்டும் வெட்ட வேண்டும், அவ்வளவுதான். விளிம்பில் இருந்த பழைய பசை விரலால் பிரிந்தது.

பூட்ஸில் கை வைப்பதற்குமுன் ஒரு பழைய கைப்பையின் தோல்துண்டில் ஒத்திகை பார்த்தேன். குமிழை அப்படியே அழுத்தி, கால்கள் தாமாகத் துளைத்துக்கொண்டு போகும் என்று எதிர்பார்த்தால் ஒரு கால் கோணிக்கொள்ளும். கோணியதை நிமிர்த்தலாம், இன்னொரு முறை கோணினால் ஒடிந்துவிடும். பித்தளையை வளைக்க வளைக்க அது இறுகிக்கொண்டே போகும். அதனால் முதலில் குமிழை லேசாக அழுத்தி நான்கு கால்களின் தடத்தைப் பதித்துக்கொள்வது, பிறகு ஒவ்வொரு தடத்திலும் பிளேடு நுனியால் காலின் அகலத்தைவிடச் சற்றே சிறிய கீறல் போடுவது. கீறல் சிறியதாக இருந்தால் தோல் காலை இறுகப் பிடித்துக்கொள்ளும். பெரிதானால் குமிழ் வாழ்நாள் முழுவதும் ஆடும்.

இந்தக் கீறல்களுக்காகத்தான் 15 மி.மீ. இடைவெளி விட்டேன். துளைகளை நெருக்கிப் போட்டால் தபால்தலைத் தாளில் கிழிப்பதற்குப் போட்ட ஓட்டை வரிசை மாதிரி ஆகிவிடும். விளிம்பைப் பிடித்து பூட்ஸை இழுத்து மாட்டும் ஒருநாள் தோல் அந்த வரியோடு வந்துவிடும். விளிம்பிலிருந்து முதல் வரிசைக்கு 12 மி.மீ. விட்டதும் இதே பயத்தால்.

பின்தையலில் நடுக்குமிழை முதலில் வைத்து, அங்கிருந்து இரு பக்கமும் போனேன். ஓரத்திலிருந்து தொடங்கினால் அரை மி.மீ. தவறுகள் சேர்ந்து மறுஓரத்தில் ஒரு குமிழுக்கு இடமில்லாமல் போகும். குமிழைச் செருகியதும் தலையை ரப்பர் துண்டின் மேல் கவிழ்த்து வைத்து, உள்ளே எட்டிப்பார்க்கும் கால்களை மூக்குக் குறடால் மையத்தை நோக்கி மடக்க வேண்டும். வெளிப்பக்கம் மடக்கினால் நுனிகள் நான்கு திசையிலும் துருத்தும். பாதி மடக்கியதும் ஒரு கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் கால்கள் தோலோடு படுத்துக்கொள்கின்றன. சுத்தியலைத் தொடவே இல்லை. அடித்தால் தலை நசுங்கும், நசுங்கிய அரைவட்டம் கூட்டத்தில் முதலில் கண்ணில் படும்.

முற்பகல் முழுவதும் இடது பூட்ஸ். குறடு பிடித்த கையில் கட்டைவிரலின் அடியில் சிவந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

வலது பூட்ஸ் முடிந்தது. புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கை பழகிவிட்டதால் வேகமாகப் போனது.

இரண்டிலும் மடக்கிய கால்களின் மேல் 0.8 மி.மீ. மெல்லிய தோல்பட்டை ஒட்டினேன். காண்டாக்ட் பசையை இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகுதான் சேர்க்க வேண்டும். சேர்த்தது சேர்ந்ததுதான், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. ஜன்னல்களைத் திறந்து வைத்தும் தலை கிறுகிறுத்தது. இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பிருக்கும் பக்கமே போகவில்லை.

ஜூன் 18, புதன்

விளிம்பை மறுபடி தைத்தேன். மெழுகு பூசிய பாலியெஸ்டர் நூல், இரு முனையிலும் மொட்டை ஊசி, ஒரே துளையில் எதிரெதிராக. புதுத் துளை ஒன்றுகூடப் போடவில்லை. பழைய துளைகளிலேயே ஊசி போனதால் எது புதுத் தையல் என்று எனக்கே தெரியவில்லை. இயந்திரத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரக்கூடும், இது அவ்வளவு எளிதில் தளராது.

ஜூன் 21, சனி

வார். தட்டையாக மேசைமேல் கிடப்பதால் இதைச் செய்வது சுகம். அக்கா மகளும் உட்கார்ந்துகொண்டாள். முள் ஆசையை இங்கே தீர்த்துக்கொள்ளட்டும் என்று கூம்புகளை அவளிடம் கொடுத்தேன்.

வாரின் தடிமன் 3 மி.மீ. திருகாணி அதைத் தாண்டிக் கூம்புக்குள் நாலைந்து மரையாவது பிடிக்க வேண்டும். அதே சமயம் கூம்பின் குழியைவிட நீளமாக இருந்தால் ஆணி அடியில் முட்டி நின்றுவிடும், வார் தளர்வாகவே இருக்கும். கடையில் தரும் ஆணி நம் தோலுக்குப் பொருந்தும் என்று நம்பக் கூடாது. முதலில் ஒரு கூம்பை வெறுமனே திருகிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குத் துளை போட்டோம்.

நடக்கும் அதிர்வில் திருகாணி தானாகக் கழலும். மரையில் ஒரு துளி நீல நிற மரைப்பசை. இது காற்றில் காய்வதில்லை. காற்றுப் புகாத மரைக்குள் உலோகம் பட்டுத்தான் இறுகும். நீலத்தைப் பின்னால் திருப்புளியால் கழற்றலாம், சிவப்பைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும். தோலுக்குப் பக்கத்தில் சூடா? நீலமே போதும். ஆணித் தலைகள் பூட்ஸின் தோலில் பதியாமலிருக்க வாரின் பின்பக்கமும் மெல்லிய தோல் ஒட்டினோம்.

வேலைக்கு நடுவே அவள், முள் என்றாலே பங்க், அதாவது அந்தக் கலக இசைக்காரர்களின் உடைப் பாணி, என்று பேசிக்கொண்டிருந்தாள். 1970களில் லண்டன் கிங்ஸ் ரோடு 430-ஆம் எண் கடையில் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் அவருடைய கூட்டாளி மால்கம் மெக்லாரனும் விற்றதை எல்லாம் விவரமாகச் சொன்னாள். நான் என் பங்குக்கு ரோமானியப் படைவீரர்களின் காலணியைச் சொன்னேன்: அடிப்பாகம் முழுக்க இரும்புக் குமிழாணிகள், பிடிப்புக்கும் தேயாமல் இருப்பதற்கும். "அடியில் இருந்தால் யார் பார்ப்பார்கள், சித்தி?" என்றாள் மறுபடியும். 1873-இல் ஜேக்கப் டேவிஸும் லீவை ஸ்ட்ராஸும் காப்புரிமை பெற்ற செப்பு ரிவெட்கூட கால்சட்டைப் பை கிழியாமல் இருக்க வைத்ததுதான் என்று சொன்னதை அவள் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வாரிலும், அது பூட்ஸோடு சேரும் இரு முனையில் இழுவை அதிகம். அங்கே, வார் மேசைமேல் இருக்கும்போதே, வாரில் மட்டும் ஒவ்வொரு ரிவெட் அடித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஒரு வாரம் போட்டு நடந்தாயிற்று. விளிம்புக் குமிழ் ஒன்றும் ஆடவில்லை, லைனிங் மேல் விரலை ஓட்டினால் மெல்லிய மேடு தட்டுகிறது, காலுறையோடு ஒன்றும் தெரியவில்லை. வலது வாரில் ஒரு கூம்பு மட்டும் சுழல்கிறது. அக்கா மகள் மரைப்பசை இடாமல் விட்டதாக இருக்கலாம், கேட்டால் மறுக்கிறாள். நாளை கழற்றித் துடைத்துப் பசை இட்டு மாட்ட வேண்டும்.

பாலிஷ் போடுவதுதான் இனி வேலை. மெழுகு பாலிஷைத் துணியில் எடுத்துத் தேய்த்தால் குமிழ்களின் காலடியில் அப்பிக்கொண்டு வெள்ளையாகக் காயும். நிறமற்ற க்ரீமைக் கொஞ்சமாகப் பூசி, குதிரைமயிர் பிரஷால் இழுத்துவிட்டு, இடுக்குகளைப் பஞ்சு சுற்றிய குச்சியால் துடைக்கிறேன். பித்தளைப் பாலிஷைத் தோலின் பக்கமே கொண்டுவரக் கூடாது, சாயம் போய்விடும். குமிழ்கள் மங்கட்டும், எனக்கு மங்கிய பித்தளைதான் பிடிக்கும்.

அவள் தன்னுடைய பூட்ஸையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இரு பக்கமும் எலாஸ்டிக், உள்ளே நீர் புகாத படலம். படலத்தில் ஒரு கீறல் போட்டாலும் நீர் புகும். எலாஸ்டிக்கில் குத்தினால் இழை அறும். பின்னால் இழுத்து மாட்டுவதற்கு இருக்கும் காதுப் பட்டையில் மூன்று குமிழ் வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.