முளைக்காத இரண்டு பற்கள்

பால்பல் விழுந்த இடத்தில் புதுப்பல் வரும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், வரவே இல்லை. மேல் வரிசையில் நடுப்பற்களுக்கு இரு பக்கமும் இருக்க வேண்டிய வெட்டுப்பற்கள் எனக்குப் பிறவியிலேயே கிடையாது, எக்ஸ்ரே எடுத்தபோதுதான் ஈறுக்குள்ளும் எதுவும் இல்லை என்று தெரிந்தது. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, என் தாய்மாமாவுக்கும் ஒன்று இல்லை.

போட்டோ என்றாலே உதட்டை இறுக்கி மூடிக்கொள்வேன். 15 வயதில் இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் வைக்கும் செயற்கைப்பல், வேண்டும் என்று போய் நின்றேன், டாக்டர் மறுத்துவிட்டார். அன்று அழுதேன், இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன். ஏனென்றால் இம்பிளான்ட் எலும்போடு ஒட்டி அங்கேயே நின்றுவிடும், தாடை வளர வளர பக்கத்துப் பற்கள் கீழே இறங்கும், வைத்த பல் மட்டும் குட்டையாகத் தெரியும். அதனால் முதலில் கிளிப் போட்டு, இடம் மாறி நின்ற கோரைப்பற்களை மெதுவாக நகர்த்தினார்கள். அப்புறம் பக்கத்துப் பல்லின் பின்புறம் சின்ன இறக்கை போல ஒட்டுகிற பிரிட்ஜ் என்ற செயற்கைப்பல் வைத்தார்கள், பக்கத்துப் பல்லை அதிகம் ராவவே இல்லை. சிலருக்கு இடைவெளியை மூடிவிட்டு, கோரைப்பல்லையே கொஞ்சம் ராவி, பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் பூச்சு வைத்து வெட்டுப்பல் போல மாற்றுவார்கள், அதுவும் நல்ல வழிதான். உங்கள் பிள்ளைக்கு ஒரு பக்கம் பல் வந்து மறுபக்கம் மாதக்கணக்கில் வரவில்லை என்றால் தயவுசெய்து எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

பிரிட்ஜ் ஒட்டிய அன்று இரவு முழுக்க என் நாக்கு அந்த இரண்டு இடங்களையே தடவிக்கொண்டிருந்தது.