பக்கத்து மதிப்பெண்

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி. அடுத்த மேசையில் சீருடையோடு ஒரு சிறுமி கணிதத் தாளை விரித்தாள்.

"வகுப்பில் யாரம்மா அதிகம்?" என்றார் அப்பா.

அவள் கடைசிக் கணக்கின்மேல் விரல் வைத்தாள். அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் காகிதமே மெலிந்திருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு 'சரி'. அப்பா அதைப் பார்க்கவில்லை.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் சக மாணவரோடு ஒப்பிட்டுப் புள்ளி போடும் முறை 2021இலேயே போய்விட்டது. ஒரு பாடத்தில் எத்தனை பேர் 90ஐத் தொட்டாலும் அத்தனை பேருக்கும் முதல் நிலைதான்.

நம் வீடுகளில் மட்டும் பழைய முறை நீடிக்கிறது.

அலுவலகத்திலும் அதே கதைதான். போனஸ் கடிதம் வந்ததும் அடுத்த இருக்கைக்காரருக்கு எவ்வளவு என்று விசாரிக்கிறோம். அதுவரை நம் தொகை நன்றாகத்தான் இருந்தது!