டார்ச் கிடைத்துவிட்டது

"சார், ஒரு டார்ச் கணக்குல வரல."

விமானப் பராமரிப்பில் எனக்குக் கீழே வேலை பார்க்கும் பையன் கருவிகளை எண்ணிவிட்டுச் சொன்னது இவ்வளவுதான். விமானம் கிளம்பலாம் என்று டெக் லாக்கில், அதாவது பராமரிப்புப் பதிவேட்டில், கையெழுத்துப் போட நான் பேனாவைத் திறந்திருந்தேன். பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். "வேன்லதான் கிடக்கும், போய்ப் பாரு. இதுக்காக ஃப்ளைட்டை நிறுத்த முடியுமா?" என்றேன். "சரி சார்" என்று நகர்ந்தான். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

விமானம் கிளம்பிய பிறகு டார்ச் வேனில்தான் கிடைத்தது, சீட்டுக்கு அடியில். நான் சொன்னது சரியாகிவிட்டது. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

கருவி ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானத்தை விடக் கூடாது என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். சக்கர அறைக்குள் ஒரு டார்ச் உருண்டு கிடந்தால் சக்கரங்கள் மடங்கி உள்ளே போகும்போது எதில் சிக்கும், எதை நசுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூடுவதற்கு முன் உள்ளே ஒருமுறை பார்த்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பார்த்தது உண்மைதான். ஆனால் டார்ச் காணோம் என்று தெரிவதற்கு முன்பு பார்த்தது அது. அப்போது நான் டார்ச்சைத் தேடவில்லை.

மங்களூரு விபத்தைப் பற்றி எங்கள் வகுப்புகளில் பலமுறை பேசியிருக்கிறோம். 2010 மே 22, துபாயிலிருந்து வந்த விமானம். கேப்டன் வழியில் வெகுநேரம் தூங்கியிருக்கிறார். இறங்கும்போது உயரம் அதிகம், வேகமும் அதிகம். 'கோ அரவுண்ட்', அதாவது இறக்காமல் மறுபடி மேலே போ, என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் இறக்கினார். ஓடுபாதையின் பாதிக்கு மேல் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. மலை உச்சியில் இருக்கும் ஓடுபாதை அது. 158 பேர் போனார்கள், 8 பேர் பிழைத்தார்கள். டி.என்.ஏ. சோதனைக்குப் பிறகும் அடையாளம் தெரியாத 12 பேரை ஒன்றாக அடக்கம் செய்தார்கள். ஊருக்கு வருகிறார்கள் என்று வீட்டில் சோறாக்கி வைத்துக் காத்திருந்த அம்மாக்கள் எத்தனை பேரோ.

1977-இல் ஸ்பெயினின் டெனரிஃப் தீவில் ஓடுபாதையிலேயே இரண்டு விமானங்கள் மோதியதும் இப்படித்தான். ஓடுபாதையில் இன்னொரு விமானம் இன்னும் நிற்கிறதோ என்று ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். இல்லை என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்லிவிட்டார். 583 பேர்.

இதையெல்லாம் படிக்கும்போது, கீழே இருப்பவர் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாமே என்றுதான் நினைப்பேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அந்தப் பையன் சொன்னான், தெளிவாகவே சொன்னான். என் முகத்தைப் பார்த்துத்தான் அடங்கினான்.

ஒரு டார்ச்சை மங்களூரோடு ஒப்பிடுவது அதிகம்தான். அன்றைக்கு நிறுத்தியிருந்தால் அரைமணி நேரத் தாமதம், மேலிடத்தில் ஒரு விளக்கம், அவ்வளவுதான். அந்த அரைமணிக்குப் பயந்தேனா, பையன் முன்னால் யோசிக்கிற மாதிரி தெரியக் கூடாது என்று நினைத்தேனா, இன்றுவரை பிடிபடவில்லை. ஒரு மாதம் கழித்து, "அன்னைக்கு நீ சொன்னதுதான்டா சரி" என்று அவனிடம் சொன்னேன். "பரவாயில்ல சார், வேன்லதானே இருந்துச்சு" என்றான்.

அதற்குப் பிறகு ஒருமுறைகூட எதுவும் குறைகிறது என்று அவன் வந்ததில்லை. "எல்லாம் சரியா இருக்கு சார்" என்கிறான். அவன் போனதும் பெட்டியைத் திறந்து நானே எண்ணிப் பார்க்கிறேன்.