எம்.எஸ். மருந்து: பலனை எதை வைத்துச் சொல்வது?

2024 பிப்ரவரி 11, ஞாயிறு

எனக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, முதுகுத்தண்டு நரம்புகளைத் தாக்கும் நோய். டாக்டர் மருந்தை மாற்றச் சொல்லிவிட்டார். புது எம்.ஆர்.ஐ.யில் முதுகுத்தண்டில் இன்னொரு வெள்ளைப் புள்ளி, நோய் தாக்கிய தடம். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்ளும் இன்டர்ஃபெரான் ஊசி போதவில்லை, இனி ரிடுக்ஸிமாப் என்கிறார்.

தம்பிக்குச் சம்மதமில்லை. "இத்தனை வருஷம் குத்திக்கிட்டியே அக்கா, என்ன கண்டே?" என்றான். என் தொடையில் சிவந்து தடித்த வட்டங்களையும், ஊசி போட்ட இரவுகளின் குளிர்காய்ச்சலையும் கூடவே இருந்து பார்த்தவன். அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 14, புதன்

தேடிப் படித்ததை எழுதி வைக்கிறேன். நான் போடும் இன்டர்ஃபெரான் பீட்டா-1பி அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993-இல். ஆய்வில் 372 பேர். மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.27 அட்டாக் (நோய் திடீரென்று கிளம்பித் தாக்குவது), முழு அளவு மருந்து எடுத்தவர்களுக்கு 0.84. மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதுவரை நோயின் போக்கை மாற்றும் மருந்தே இல்லை, அதனால் பெரிய விஷயம்தான். ஆனால் ஊனம் சேருவதை அது குறைத்தது என்று தெளிவாகக் காட்ட முடியவில்லை.

தம்பி பிடித்துக்கொண்டதும் இதைத்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து 2012-இல் வந்த ஆய்வைக் காட்டினான். இன்டர்ஃபெரான் எடுத்த 868 பேருக்கும் எடுக்காதவர்களுக்கும், கைத்தடி ஊன்றும் நிலையை எட்டுவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் அது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. யாருக்கு மருந்து எழுதுவது என்று டாக்டர்கள் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். கணக்கில் என்னதான் சரிசெய்தாலும் அந்தச் சாய்வு முழுசாகப் போகாது.

பிரிட்டன் கதைதான் என்னைத் தூங்க விடவில்லை. விலைக்கு ஏற்ற பலன் இல்லையென்று அங்கே எந்த மருந்தை அரசு செலவில் கொடுக்கலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பு 2002-இல் இந்த ஊசிகளை மறுத்தது. அரசு ஒரு ஏற்பாடு செய்தது: மருந்து கொடுப்போம், எதிர்பார்த்த பலன் வராவிட்டால் கம்பெனிகள் விலையைக் குறைக்க வேண்டும். 5,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2009-இல் வந்த முதல் முடிவு எதிர்பார்த்ததைவிட மோசம். ஆனாலும் விலை குறையவில்லை. பிறகு, ஒப்பிட வைத்திருந்த, மருந்து எடுக்காத நோயாளிகளின் பழைய ஒன்டாரியோ (கனடா) பதிவை விட்டுவிட்டு பிரிட்டிஷ் கொலம்பியா பதிவை எடுத்தார்கள். பலன் நன்றாகவே தெரிந்தது. மாற்றியதற்கு நியாயம் உண்டு, முதல் பதிவில் நோயாளி இடையில் தேறியது கணக்கிலேயே இல்லை. இருந்தாலும், அதே ஆட்கள், அதே ஊசி, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறியதும் தீர்ப்பே மாறுகிறது என்றால், அதை முதல் நோயாளி சேருவதற்கு முன்பே அல்லவா தீர்மானித்திருக்க வேண்டும்?

பிப்ரவரி 19, திங்கள்

ரிடுக்ஸிமாப் 1997-இல் நிணநீர்ப் புற்றுநோய்க்காக வந்தது. 2008-இல் எம்.எஸ். நோயாளிகளிடம் நல்ல பலன் காட்டியும், கம்பெனி அதே வகைப் புது மருந்தான ஓக்ரிலிசுமாப் பக்கம் போய்விட்டது. ஸ்வீடன் டாக்டர்கள் பழசை விடவில்லை. 2022-இல் வெளியான அவர்கள் ஆய்வில் டைமெத்தில் ஃபியூமரேட் என்ற எம்.எஸ். மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம் பேருக்கு அட்டாக் வந்தது, ரிடுக்ஸிமாப் எடுத்தவர்களில் 3 சதவீதம். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இதை எம்.எஸ்.க்கான மருந்தாகத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரில் 2007 முதலே உள்நாட்டுத் தயாரிப்பு கிடைக்கிறது. நான் இதை நினைத்துப் பார்ப்பதே அதனால்தான்.

"ரெண்டு வருஷ ஆய்வுதானே" என்றான் தம்பி. சரிதான். அட்டாக்கே இல்லாமல் மெல்ல மெல்ல நடை தளருகிறதே, அதை இந்த மருந்துகள் அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படிப் போகும் வகைக்கு ஓக்ரிலிசுமாப் கொடுத்துப் பார்த்ததில், வெற்று மருந்து எடுத்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு நிலை மோசமானது, ஓக்ரிலிசுமாப் எடுத்தவர்களில் 32.9. நூற்றுக்கு ஆறு பேர்தான் வித்தியாசம். அப்படியென்றால் நரம்புகளில் அழற்சி இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே வலுவான மருந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. புதுப் புள்ளி தெரிந்த பிறகும் காத்திருக்க என்னால் முடியாது. தம்பி, "ஹெபடைட்டிஸ் பி, டிபி டெஸ்ட் ரெண்டும் பார்த்துட்டு முடிவு பண்ணு" என்றான். அரை மனசுதான், ஆனாலும் லேபுக்குக் கூட வந்தான்.

மார்ச் 2, சனி

முதல் டோஸ் ஏறியது. முதலில் பாரசிட்டமால், அலர்ஜி ஊசி, ஸ்டீராய்டு. அப்புறம் மருந்து, சொட்டுச் சொட்டாக. கொஞ்ச நேரத்தில் தொண்டை அரித்தது. நர்ஸ் ட்ரிப்ஸை நிறுத்தி, அரிப்பு அடங்கியதும் வேகத்தைக் குறைத்து மறுபடி விட்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர். பல வருஷமாக அட்டாக் இல்லையாம். "நான் நிறுத்திடலாமாம்மா?" என்று என்னிடம் கேட்டார். அமெரிக்காவில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன 259 பேரை வைத்து இதையே பார்த்திருக்கிறார்கள் என்றேன். தொடர்ந்து எடுத்தவர்களில் 4.7 சதவீதம் பேருக்கு அட்டாக்கோ புதுப் புள்ளியோ வந்தது, நிறுத்தியவர்களில் 12.2.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நிறுத்துனவங்கள்ல நூத்துக்கு எண்பத்தெட்டு பேருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். அதுவும் சரிதான். ஆனால் அதில் பெரும்பாலோர் பழைய ஊசிக்காரர்கள், அவர் போடுவது வேறு மருந்து. பழைய ஸ்கேன்களை எல்லாம் எடுத்துக்கொண்டு டாக்டரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அடுத்த டோஸ் இரண்டு வாரம் கழித்து.