சாட்ஸ்வொர்த்தில் நனைந்த ஒரு நாள்

பிள்ளைகளோடு சாட்ஸ்வொர்த் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மாளிகையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு நேராகத் தோட்டத்துக்குப் போங்கள். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிற இந்த வீடு டெவன்ஷயர் டியூக் குடும்பத்தினுடையது. உள்ளே ஓவியமும் சிலையும் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் என் ஏழு வயது மகளுக்கு அதெல்லாம் பத்து நிமிடத்துக்குத்தான்.

தோட்டத்தில் பாறைகளுக்கு நடுவே ஒரு வில்லோ மரம். கிட்டப் போனால்தான் அது உலோகம் என்று தெரிகிறது, கிளை நுனிகளிலிருந்து நூல் நூலாகத் தண்ணீர் பீய்ச்சுகிறது. 1690களிலேயே இப்படி ஒன்று செய்து வைத்திருந்தார்களாம், இப்போது இருப்பது பின்னால் வந்தது. மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள், நகரவே மாட்டேன் என்றாள்.

அப்புறம் பெரிய நீரூற்று. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலஸ் வருவார் என்று இங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன் 1844இல் அவசர அவசரமாகக் கட்டியது, மேலே மலையில் ஏரி வெட்டி, பம்பு எதுவும் இல்லாமல் தண்ணீர் இறங்கி வரும் அழுத்தத்திலேயே 90 மீட்டர் வரை எழும்பச் செய்தார். பேரரசர் வரவே இல்லை. நாங்கள் போயிருந்தோம், காற்று எங்கள் பக்கம் திரும்பியது, குடும்பமே தொப்பலாக நனைந்தது. அன்றைக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

யூ மர வேலிகளால் ஆன புதிர்வழியில் அரை மணி நேரம் சுற்றினோம். அங்கே முன்பு மாபெரும் கண்ணாடி வீடு ஒன்று இருந்தது. முதல் உலகப் போரின்போது சூடேற்ற நிலக்கரி கிடைக்காமல் செடிகள் செத்துப்போக, 1920இல் இடித்துவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கடைசியாகப் பண்ணை. பால் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டத்தான் 1973இல் இதைத் தொடங்கினார்கள். பால் கறப்பதைப் பார்த்த மகள், பால் சூடாக இருக்குமா என்று கேட்டாள். தாத்தா வீட்டுத் தொழுவத்தில் நுரையோடு நான் குடித்த பாலைப் பற்றிச் சொன்னேன், காரில் ஏறியபிறகும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாற்றுத் துணி இரண்டு செட் எடுத்துப் போங்கள், உங்களுக்கும் சேர்த்து.