நாம் விடும் புகைக்கு நம்மைவிட ஆயுள் அதிகம்

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து இன்று வெளியேறும் இந்த வாயுவில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் அங்கேயே இருந்து வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இன்னும் பிறக்காத ஒருவரின் கோடைக்காலத்தை நாம் இன்றே தீர்மானிக்கிறோம். இந்த அதிகாரத்தை நமக்கு யாரும் கொடுக்கவில்லை.

இவ்வளவு செய்கிற நம் உடலோ மிகச் சாதாரணமானது. வியர்வை ஆவியாவதால்தான் வெப்பத்தைத் தாங்குகிறோம். காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் அது எளிதில் ஆவியாகாது. அப்புறம் எவ்வளவு மன உறுதி இருந்தும் பயனில்லை. அந்த எல்லையை முதலில் தொடுபவர்கள் வெயிலில் உழைப்பவர்கள். இந்தப் புகையில் அவர்கள் பங்கு மிகக் குறைவு. நினைக்க நினைக்கக் கோபம்தான் வருகிறது.

'மனித இயல்பே பேராசைதான், இது மாறாது' என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓசோன் படலத்தை அரித்த வேதிப்பொருள்களைக் கைவிட 1987இல் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. படலம் இப்போது மெல்ல மீள்கிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் விடுவது அதைவிடப் பல மடங்கு கடினம், சரி. ஆனால் அன்று கையெழுத்துப் போட்டவர்களும் மனிதர்கள்தானே?